பெர்மாவின் ஆறாம் எண்

சதுரங்கப் பலகையின் முதலாங் கட்டத்தில் ஒரு நெல்மணியும், இரண்டாங் கட்டத்தில் இரண்டும், மூன்றாங் கட்டத்தில் நான்குமாக, ஒவ்வொரு கட்டத்திலும் முன்னையதன் இருமடங்கு வைத்துத் தருக என அரசனை வேண்டிய அறிஞனின் கதை யாவரும் அறிந்ததே. பலகையின் ஒரு பாதியாகிய முப்பத்திரண்டு கட்டங்களும் நிரம்பியபின், முப்பத்துமூன்றாங் கட்டத்தில் வைக்கவேண்டிய மணிகளின் தொகை 4294967296 ஆகும். முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க வருவது இது. கணித நூலார் இதனை 2³² என எழுதுவர். இத்தொகையோடு இன்னும் ஒரு மணியைச் சேர்த்தால் வரும் எண் 4294967297. நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பார்வைக்கு எவ்வித விசேடமுமற்ற இந்த எண்ணே பதினேழாம் நூற்றாண்டின் தலைசிறந்த எண்கணித அறிஞரை வழுவச் செய்தது. அடுத்த நூற்றாண்டின் தலைசிறந்த அறிஞரை எண்கணிதத்தினுள் ஈர்த்தும் வந்தது.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண் எனப்படும். தமிழ்நாட்டு நூல்கள் அதனைப் பகா எண் என வழங்கும். ஒன்று நீங்கலான ஏனையவை சேர்த்தி எண்கள். முதன்மை எண்கள் முடிவின்றிச் செல்வன என்பதை யூக்கிளிட்டு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிவிட்டார். ஆயினும், முதன்மை எண்களை மட்டுமே தந்துகொண்டு செல்லவல்ல எளிய விதியொன்று உண்டா என்னும் வினாவுக்கு அவர் நூலில் விடையில்லை. அத்தகைய விதியொன்றைக் கண்டுவிட்டதாகவே பியெர் த பெர்மா 1640ஆம் ஆண்டில் எண்ணினார்.

பெர்மா பிரான்சு தேசத்தின் தூலூசு நகரில் நீதிமன்ற ஆலோசகராய் இருந்தவர். கணிதம் அவருக்குத் தொழிலன்று, ஓய்வுநேர இன்பம். தாம் கண்டவற்றை நூலாக வெளியிடாது, நண்பர்க்கு எழுதிய கடிதங்களிலும் நூல்களின் ஓரங்களிலும் குறித்து வைத்தார். 2இன் வலுவோடு ஒன்றைக் கூட்டிப் பெறும் எண்களை அவர் ஆராய்ந்தபோது, சுட்டியில் ஒற்றைக் காரணி ஒன்று இருப்பின் அந்த எண் முதன்மை எண்ணாதல் இயலாது என்பது தெளிவாயிற்று. 2⁶ + 1 = 65 என்பது 2² + 1 ஆகிய 5ஆல் வகுபடும்; 2¹² + 1 = 4097 என்பது 2⁴ + 1 ஆகிய 17ஆல் வகுபடும். ஆகவே சுட்டி 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களே எஞ்சி நின்றன. அவை தருவன 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவது, சுட்டி 32 ஆகிய 4294967297. இதுவும், இதன் பின் வருவன யாவும் முதன்மை எண்களே என்று பெர்மா அவ்வாண்டில் பிரேனிக்கிளுக்கு எழுதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்காது எழுதினார். பதினான்கு ஆண்டுகளின் பின் 1654இல் பாஸ்காலுக்கு எழுதியபோதும், கூற்றின் உண்மைக்குத் தாம் பொறுப்பு என்றும், நிறுவலை முற்றாகக் காண இன்னும் இயலவில்லை என்றும் உரைத்தார். உண்மைக்குப் பிணை நின்ற அவரது துணிவையும், நிறுவல் இல்லையென ஒப்புக்கொண்ட அவரது நேர்மையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். பின்னாளில் அவரை எள்ளினோர் முன்னதை மட்டுமே கண்டனர்.

1665இல் பெர்மா மறைந்தார். கூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீண்டுவாரின்றிக் கிடந்தது. 1729ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் தேதி, மொஸ்கோவிலிருந்த கோல்ட்பாக் என்பவர் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்த ஒயிலருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பிற்குறிப்பில், இவ்வரிசை எண்கள் எல்லாம் முதன்மை எண்கள் என்னும் பெர்மாவின் கூற்றை அறிவீரா என வினவியிருந்தார். ஒயிலருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. முதலில் அவர் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. கோல்ட்பாக் விடாது மீண்டும் கேட்டபின்னரே பெர்மாவின் எழுத்துக்களை எடுத்துப் படிக்கலானார். 1732இல் பீற்றர்ஸ்பேர்க் கழகத்தின் முன் அவர் அளித்த சிறு கட்டுரையில் விடை வந்தது. 4294967297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 6700417. தாள் ஒன்றை எடுத்து 641ஐயும் 6700417ஐயும் பெருக்கிப் பார்க்கும் எந்த மாணவனும் பெர்மாவின் கூற்று வீழ்வதைத் தன் கண்ணாற் காணலாம்.

641ஐ ஒயிலர் எவ்வாறு கண்டார்? 1732இன் கட்டுரை அவ்வழியை விளக்கவில்லை. 1750இல் வெளிவந்த பிறிதொரு கட்டுரையே விளக்கியது. இதன் திறவுகோல் பெர்மாவிடமே இருந்தது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு. அவர் 1640ஆம் ஆண்டிலேயே கண்ட தேற்றம் ஒன்று உண்டு: ஒரு முதன்மை எண்ணை எடுத்து, அதனால் வகுபடாத வேறோர் எண்ணை, அம்முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த சுட்டிக்கு உயர்த்தி, அம்முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி என்றும் 1 ஆகும். உதாரணமாக 7ஐக் கொள்க. 3⁶ = 729; 7 × 104 = 728; மீதி 1. இத்தேற்றத்துக்கு ஒயிலர் 1736இல் நிறுவல் அளித்தார்.

இனி, முதன்மை எண் ஒன்று 2³² + 1ஐ வகுக்கும் எனக் கொள்க. அவ்வாறாயின், அதனால் 2³²ஐ வகுக்கும்போது ஒன்று குறைபாடாக நிற்கும். அதாவது மீதியை −1 எனக் கருதலாம். −1ஐ வர்க்கிக்க 1 வருமாதலால் 2⁶⁴ஐ வகுக்க மீதி 1. மீதி 1 வரச்செய்யும் சுட்டிகளுள் மிகச் சிறியது எதுவோ, அது அத்தகைய எல்லாச் சுட்டிகளையும் வகுக்கும் என்பது எளிதில் நிறுவத்தக்கது. இங்கே அச்சிறிய சுட்டி 64ஐ வகுக்கவேண்டும். ஆனால் 32ஐ வகுத்தல் ஆகாது, ஏனெனில் 32இல் மீதி −1 அன்றோ? எனவே அது 64 தானே ஆகும். மேற்கூறிய தேற்றத்தின்படி, முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த எண்ணும் மீதி 1 தரும் சுட்டியே. ஆதலின் 64 அதனை வகுக்கும். சுருங்கச் சொன்னால், 4294967297இன் முதன்மைக் காரணி எதுவாயினும் அது 64இன் மடங்கொன்றினும் ஒன்று மிகுந்ததாதல் வேண்டும்.

இதனால் விளையும் பயன் பெரிது. ஓர் எண் சேர்த்தி எண்ணாயின் அதன் வர்க்கமூலத்தை விஞ்சாத முதன்மைக் காரணி ஒன்றேனும் அதற்கு இருக்கும். 4294967297இன் வர்க்கமூலம் 65536இனும் சற்றே மிகுந்தது; அதற்குட்பட்ட முதன்மை எண்கள் 6542. அவ்வளவையும் கொண்டு வகுத்துப் பார்ப்பது ஒரு மனிதனின் பொறுமைக்கு மேற்பட்டது. 64இன் மடங்கினும் ஒன்று மிகுந்தவற்றையே கொள்வதாயின் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என வரிசை செல்லும். இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது சோதனையிலேயே விடை கைகூடுகின்றது.

சோதனையும் நீண்ட வகுத்தலன்று. மீதிகளைப் பெருக்கினால் பெருக்கத்தின் மீதி வரும் என்னும் இயல்பைக் கொண்டு, 256இலிருந்து தொடங்கி இருமுறை வர்க்கித்தாற் போதும். 193ஐக் கொள்க. 256இன் மீதி 63. 63இன் வர்க்கம் 3969, மீதி 109. 109இன் வர்க்கம் 11881, மீதி 108. ஆகவே 2³² + 1ஐ 193ஆல் வகுக்க மீதி 109; காரணியன்று. இவ்வாறே 257க்கு 2³²இன் மீதி 1, 449க்கு 324, 577க்கு 287. 641க்கு வருக. 65536ஐ 641ஆல் வகுக்க மீதி 154; 154இன் வர்க்கம் 23716; 641 × 36 = 23076; மீதி 640. அதனோடு ஒன்றைக் கூட்ட 641. பென்சிலும் அரைத்தாளும் கால்மணி நேரமும் இதற்குப் போதும்.

பெர்மா இம்முறையை அறியாதவரல்லர். 1640இலேயே 2³⁷ − 1 ஆகிய 137438953471 முதன்மை எண்ணன்று, 223ஆல் வகுபடும் என்று அவர் மேர்செனுக்கு அறிவித்தார். அதனைக் கண்ட வழியும் இதுவே: அவ்வெண்ணின் காரணிகள் 74இன் மடங்கினும் ஒன்று மிகுந்தவையாதல் வேண்டும், 149ஐ விலக்கிய பின் 223 உடனே அகப்படும். அதே கருவியை அவர் தம் ஆறாம் எண்ணில் செலுத்தாது விட்டது ஏன்? செலுத்தினார், ஆயின் எங்கோ ஒரு கூட்டலிற் பிழைத்தார் எனக் கருதுவோர் உளர். இன்னுஞ் சொல்லப்போனால், தேற்றம் எதனையும் நாடாது 2, 3, 5 என முதன்மை எண்களை ஒழுங்காக எடுத்து வகுத்துச் சென்றிருப்பினும் 641 நூற்றுப்பதினாறாவதாக வந்து நின்றிருக்கும். ஒரு வாரத்தின் மாலைப்பொழுதுகளில் முடியத்தக்க வேலை அது. ஐந்து எண்கள் வரிசையாக ஒத்துவந்தமையே அம்மாலைப்பொழுதுகளை வேண்டாதவையாக அவருக்குத் தோற்றுவித்தது போலும்.

641 கிடைத்தபின், வகுத்தலே இன்றி அது காரணியென்று காட்டும் வழியொன்றும் உண்டு. மாணவர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. 641 என்பது 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴ உம் ஆகும், 625உம் 16உம் சேர 641 ஆதலின். முதலாவதிலிருந்து, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதி −1. அதனை நான்காம் வலுவுக்கு உயர்த்த 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴உம் −2⁴உம் ஒரே மீதி உடையன. 5⁴இன் இடத்தில் −2⁴ஐ வைக்க, −2³²இன் மீதி 1. அதாவது 2³² + 1இன் மீதி பூச்சியம். இத்துணை அழகிய நிறுவல் ஓர் எண்ணுக்கு வாய்ப்பது அரிது.

மற்றக் காரணியாகிய 6700417 எத்தகையது? 1878இல் இலூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர், இவ்வெண்ணின் காரணிகள் 64 மட்டுமன்றி 128இன் மடங்கினும் ஒன்று மிகுந்தவை எனக் காட்டினார். 6700417இன் வர்க்கமூலம் 2588 அளவில் உள்ளது. அதற்குட்பட்டு அவ்வடிவில் அமைந்த முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்பன மட்டுமே. 257 முன்னரே விலக்கப்பட்டது. ஏனைய நான்கினாலும் வகுக்க மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆதலின் 6700417 முதன்மை எண்ணே. காரணியாக்கம் அத்துடன் முற்றுப்பெறுகின்றது.

இவ்வெண்ணுக்கு வஞ்சகமான ஓர் இயல்பும் உண்டு. பெர்மாவின் தேற்றத்தைச் சோதனையாகக் கொண்டு, ஓர் எண் முதன்மை எண்ணோ எனப் பார்க்க விரும்புவோர் முதலில் எடுப்பது 2ஐயே. அதுவே கணிப்பதற்கு எளிது. அவ்வாறு எடுத்து 2ஐ 4294967296ஆம் வலுவுக்கு உயர்த்தி 4294967297ஆல் வகுத்தால் மீதி சரியாக 1. 2³²இன் மீதி −1 என்பதும், 2⁶⁴இன் மீதி 1 என்பதும், அதன்பின் எத்தனை முறை வர்க்கித்தாலும் 1 மாறாதென்பதும் தெளிவு. எனவே 641ஆல் வகுபடும் எண் முதன்மை எண்போல வேடமிட்டு நிற்கின்றது. பெர்மாவின் வரிசையிலுள்ள எண்கள் யாவும் இச்சோதனையில் ஒருங்கே தேறுவன. தேற்றத்தின் மறுதலை உண்மையன்று என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சிறியதொன்று வேண்டுவோர் 11 × 31 ஆகிய 341ஐக் கொள்ளலாம்.

2க்குப் பதிலாக 3ஐ எடுத்தால் வேடம் கலைகின்றது. 1877இல் பெப்பான் என்பார் நிறுவிய சோதனை இது: 3இற்குப் பெரிய பெர்மா எண் ஒன்று முதன்மை எண்ணாயின், அவ்வெண்ணில் ஒன்றைக் குறைத்துப் பாதியாக்கிய சுட்டிக்கு 3ஐ உயர்த்தும்போது மீதி −1 ஆகும், முதன்மை எண்ணன்றாயின் ஒருபோதும் ஆகாது. 17க்கு 3⁸ = 6561; மீதி 16; அதாவது −1. 4294967297க்கு 3ஐ முப்பத்தொருமுறை தொடர்ந்து வர்க்கித்து வகுக்க வரும் மீதி 10324303. அது −1க்கு ஒப்பான 4294967296 அன்று. ஆகவே எண் சேர்த்தி எண். காரணி யாதென அறியாமலே இம்முடிவு கிட்டுகின்றது. ஒருவன் குற்றவாளியென்பது ஐயமற நிறுவப்பட்டும், குற்றம் யாதென அறியப்படாத நிலை போன்றது இது.

இந்நிலை கற்பனையன்று. இதற்கடுத்த எண்ணாகிய 2⁶⁴ + 1ஐ 1880இல் இலாந்திரி என்பவர் தமது எண்பத்திரண்டாம் வயதில் 274177 × 67280421310721 எனப் பிரித்தார். அதற்கடுத்த 2¹²⁸ + 1 சேர்த்தி எண் என்பதை 1905இல் மோர்கெட்டும் வெஸ்ரேணும் பெப்பானின் சோதனையால் தனித்தனியே காட்டினர். காரணிகளோ 1970இல் மொரிசனும் பிரில்ஹார்ட்டும் கணனியைக் கொண்டு காணும்வரை வெளிப்படவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் அவ்வெண் குற்றம் நிறுவப்பட்டும் குற்றம் அறியப்படாததாய் நின்றது.

ஐந்து முதன்மை எண்களோடு நின்றுவிட்ட பெர்மாவின் வரிசை பயனற்றுப் போயிற்று எனக் கொள்ளல் தவறு. 1796ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பத்தொன்பது வயது நிரம்பாத கௌஸ், பதினேழு பக்கங்களுடைய ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு அமைக்கலாம் எனக் கண்டார். கிரேக்கர் காலத்துக்குப் பின் அத்துறையில் எவரும் ஓரடியேனும் முன்செல்லாதிருந்த நிலை அது. அவர் 1801இல் வெளியிட்ட நூல் விதியை முழுமையாகத் தந்தது. 1837இல் வான்செல் அதன் மறுபக்கத்தை நிறுவினார். அதன்படி, ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களுடைய ஒழுங்கான பல்கோணியை அவ்வாறு அமைக்கவேண்டுமாயின், பக்கங்களின் எண்ணிக்கை பெர்மா வரிசையின் முதன்மை எண்ணாகவோ, அவற்றுள் வெவ்வேறானவற்றின் பெருக்கமாகவோ இருத்தல் வேண்டும். அறியப்பட்ட ஐந்தினையும் பெருக்குக: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. அதாவது ஆறாம் எண்ணிலும் இரண்டு குறைந்தது. சதுரங்கப் பலகையின் முதற்பாதியில் உள்ள மணிகள் அனைத்தின் கூட்டுத்தொகையும் இதுவே. அவ்வாறு அமைக்கத்தக்கதென இன்று அறியப்பட்டுள்ள ஒற்றைப்பக்கப் பல்கோணிகளுள் மிகப் பெரியது இத்தனை பக்கங்களுடையது. பெர்மாவின் எண்ணம் மெய்யாகியிருப்பின், இரண்டு பக்கம் கூடிய பல்கோணியும் அமைக்கத்தக்கதாகியிருக்கும்.

இப்பெருக்கத்தால் இன்னோர் உண்மையும் விளங்கும். ஆறாம் எண்ணுக்கும் முன்னைய ஐந்துக்கும் பொதுக் காரணி ஏதும் இருப்பின், அது இரண்டையும் வகுத்தல் வேண்டும். ஒற்றை எண்களுக்கு அது இயலாது. 257ஐக் கொண்டு மேலே செய்த சோதனை, இதனை முன்னரே அறிந்திருந்தால் மிகையாயிருக்கும். வரிசையின் எந்த இரண்டு எண்களுக்கும் இது பொருந்துமென்பதை கோல்ட்பாக் 1730இலேயே ஒயிலருக்குக் காட்டியிருந்தார்.

பின்வந்த எண்களின் நிலை விசித்திரமானது. 2²⁰ஐச் சுட்டியாக உடைய பெர்மா எண் 315653 இலக்கங்கள் கொண்டது. அது சேர்த்தி எண் என்பது 1987இல் காட்டப்பட்டது. ஒரு காரணியும் இதுவரை அகப்படவில்லை. 2²⁴ஐச் சுட்டியாக உடையதும் அவ்வாறே. 1999இல் அதன் தன்மை துணியப்பட்டது, காரணி அறியப்படவில்லை. ஆயின் 2³²ஐச் சுட்டியாக உடையது, அதாவது முப்பத்துமூன்றாங் கட்டத்து மணிகளின் தொகையையே சுட்டியாகக் கொண்டது, எழுதினால் 129 கோடி இலக்கங்களுக்கு மேற் செல்லும். அதன் காரணிகளுள் ஒன்று 25409026523137; பதினான்கே இலக்கங்கள். பேரெண் தன் காரணியை எளிதிற் காட்டிவிட, அதனினும் மிகச் சிறியது மறைத்து வைக்கின்றது. அளவுக்கும் அருமைக்கும் இத்துறையில் தொடர்பில்லை.

ஆறாம் எண் தொடங்கி 2³²ஐச் சுட்டியாக உடையது வரை உள்ள யாவும் சேர்த்தி எண்கள் என இன்று நிறுவப்பட்டுள்ளன. பெர்மா 1640இல் அறிந்திருந்த ஐந்துக்கு மேல் ஆறாவது முதன்மை எண் இவ்வரிசையில் எங்கும் காணப்படவில்லை, இல்லையென்று நிறுவினாருமில்லை. தன்மை துணியப்படாதவற்றுள் மிகச் சிறியது 2³³ஐச் சுட்டியாக உடையது. அதன் இலக்கங்கள் 258 கோடிக்கு மேற்பட்டவை.